நாகலூரில் நாலு பக்கெட்!

ஏற்காடு மலை ஏறும் இளைஞர்கள் இரண்டு வகை. கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டு போகிறவர்கள் ஒரு வகை. நிமிஷங்களை எண்ணிக்கொண்டு போகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்காரர்கள் இருபது வரை சரியாக எண்ணி முடித்து, ஏரிக்கரையில் இறங்கி, மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் படகுச் சவாரிக்கு க்யூவில் நின்றுவிடுவார்கள். வம்பே இல்லை. இரண்டாம் வகைதான் வில்லங்கம். ஒரு கையில் பஜ்ஜி, இன்னொரு கையில் செல்போன். "போன வாட்டியைவிட ஏழு நிமிஷம் கம்மிடா!" என்று ஊருக்கே அறிவிப்பார்கள்.

மிச்சம் பிடித்த அந்த ஏழு நிமிஷத்தை என்ன செய்தார்கள் என்று கேட்காதீர்கள். பஜ்ஜிக் கடையில் எண்ணெய் காயட்டும் என்று காத்திருந்தார்கள்!

இந்தக் கட்டுரை அந்த இரண்டாம் வகைக்காரர்களுக்காக. பயப்படாதீர்கள், திட்டப் போவதில்லை. வேகம் பிடிக்கும் என்பது வியாதி இல்லை. ஆனால் சாப்பாட்டுக்கு இலை போல, தூக்கத்துக்குப் பாய் போல, வேகத்துக்கும் ஓர் இடம் இருக்கிறது. அது மலைப்பாதை இல்லை. அதன் பெயர் ஆட்டோகிராஸ்.

அதென்ன ஆட்டோகிராஸ்?

ஒரு காலி மைதானம். தாரோ, சிமெண்டோ... நம்மூரில் பெரும்பாலும் மண் தரை. அதில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்து, பாம்பு மாதிரி வளைந்து நெளிந்து ஒரு பாதை போட்டிருப்பார்கள். பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கார்தான் ஓடும். எதிரே லாரி வராது. குறுக்கே ஆடு வராது. உங்களுக்கு ஒரே எதிரி கடிகாரம். கோனை இடித்துத் தள்ளினால் அபராதமாக நேரம் கூட்டுவார்கள். அமெரிக்காவில் ஒரு கோனுக்கு 2 செகண்டு. அதாவது, வேகமாக வந்து மூன்று கோனைச் சாய்த்தவனை, நிதானமாக வந்து ஒன்றையும் தொடாதவன் ஆறு செகண்டு பின்னால் வந்தும் பிடித்துவிடலாம். வாழ்க்கைத் தத்துவம் மாதிரி இருக்கிறதல்லவா?

இந்த விளையாட்டுக்குப் பங்காளி முறையில் இன்னொரு பெயர் உண்டு: ஜிம்கானா. சென்னை தீவுத்திடல் பக்கம் 1884-இல் ஆரம்பித்த ஜிம்கானா கிளப்பைப் பார்த்திருப்பீர்கள். அதே வார்த்தைதான். நம் நாட்டில் இருந்த வெள்ளைக்காரர்கள் குதிரை விளையாட்டுகளுக்கு வைத்துக்கொண்ட பெயர். பிறகு குதிரை போய்க் கார் வந்தது. ஜப்பான்காரன் கோன் சுற்றுவதை 'ஜிம்கானா' என்றே சொல்கிறான். ஆஸ்திரேலியாக்காரன் இன்னும் ஒரு படி மேலே போய் 'மோட்டார்கானா' ஆக்கிவிட்டான். நம்மூர்ச் சரக்கு நமக்கே இம்போர்ட் ஆகி வந்திருக்கிறது!

கார் பந்தயம் தமிழ்நாட்டுக்குப் புதுசும் இல்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் ஆரம்பித்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று சோழவரத்தில் சும்மா கிடந்தது. அங்கேதான் வருஷக்கணக்கில் கார்கள் பறந்தன. பிறகு 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே பாதை வந்தது. கோவையில் கரிவரதன் என்கிற மனிதர், மாருதி 800 எஞ்சினைப் போட்டே ஒற்றை ஆள் பந்தயக் கார்களைக் கட்டி இளைஞர்களை ஓட்டவைத்தார். அவர் 1995-இல் காலமானார். செட்டிப்பாளையத்தில் 2003-இல் திறந்த 2.1 கிலோமீட்டர் பந்தயப் பாதைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதே கோவையிலிருந்து போன நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். வேகத்தை நிஜமாகவே நேசித்தவர்கள் எல்லோரும் முதலில் தேடியது காரை அல்ல. மூடிய ஒரு இடத்தை. கிடைக்காதபோது பழைய ஓடுதளத்தைப் பிடித்தார்கள். அதுவும் போனபோது தாங்களே கட்டினார்கள்.

மச்சினன் ஒரு முடிவெடுத்தான்

என் மச்சினன் சேலத்தில் ஒரு ஆபீஸில் கணக்குப் பார்ப்பவன். மேலே சொன்ன இரண்டாம் வகை. வைத்திருப்பது செகண்ட்ஹேண்ட் மாருதி 800. 1983 டிசம்பரில் ஓட ஆரம்பித்து 2014-இல் தயாரிப்பு நின்றுபோன அதே வண்டி. 796 சிசி, மூணு சிலிண்டர். முன் சக்கரம் இழுக்கும். பின் சக்கரம் கூடவே வரும், கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி.

ஒருநாள் வந்தான். "மாமா, கோயமுத்தூர் பக்கம் ஆட்டோகிராஸ் நடக்குது. புதுசா வர்றவங்களுக்குத் தனி கிளாஸ் இருக்கு. பேர் குடுத்துட்டேன். இன்னும் மூணு வாரம்."

"வண்டி தயாரா?"

"ஸ்பாய்லர் ஒண்ணு போட்டாப் போதும் மாமா."

ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு மெக்கானிக் இருக்கிறார். அறுபது வயசு. பேசுவது குறைவு, பேசினால் பில்லைவிட வலிக்கும். மச்சினன் அவரிடம் பெரிய லிஸ்ட் வாசித்தான். ஸ்பாய்லர், அகல டயர், சத்தம் போடும் சைலன்சர், இத்யாதி. அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, பீடியை அணைத்தார்.

"தம்பி, போடறது அப்பறம் பாத்துக்கலாமுங்க. முதல்ல எடுக்கறது என்னன்னு பாப்போம்."

வண்டிக்குள்ளிருந்து வெளியே வந்தவை: குடை 2, தண்ணீர் பாட்டில் 5, அக்கா கல்யாணத்தில் மிச்சமான பத்திரிகைக் கட்டு ஒன்று (அந்த அக்காதான் என் மனைவி, கல்யாணமாகி எட்டு வருஷம்), சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் மரக்கட்டை 2, ஒற்றைக் குழந்தைச் செருப்பு, கிரிக்கெட் பேட், ஜாக்கி, ஸ்டெப்னி.

"இதுல எமன் யாருன்னு தெரியுமுங்களா?" என்று மெக்கானிக் ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினார். "இவன்தான். வேகமா பிரேக் அடிச்சா உருண்டு வந்து பெடலுக்கு அடியில உக்காந்துக்குவான். அப்பறம் எவ்வளவு மிதிச்சாலும் பிரேக் எறங்காது."

அடுத்து டாஷ்போர்டுப் பிள்ளையார். மச்சினன் பதறினான். "அண்ணே, சாமி..."

"சாமி வீட்ல இருந்து ஆசீர்வாதம் பண்ணட்டுமுங்க. இங்க இருந்தா பறந்து வந்து நெத்தியிலயே பண்ணிடும்."

வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. முதல் ஆட்டோகிராஸுக்குத் தயாராகும் எந்த வண்டிக்கும் இந்த வரிசை பொருந்தும். குறித்துக்கொள்ளுங்கள்.

பிரேக் பேடு தேய்ந்திருக்கிறதா? பிரேக் ஆயில் எத்தனை வருஷப் பழசு? இது முக்கியம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. புது டாட்-3 ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பழசோ 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. குமிழி அமுங்கும், பிரேக் பிடிக்காது. பெடல் மட்டும் பஞ்சு மாதிரி உள்ளே போகும். மைதானத்தில் ஒரு ஓட்டம் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஏற்காட்டிலிருந்து இறங்குவது அப்படியா? மைதானத்துக்கு முன்னால் மலைக்கே இந்த ஆயில் மாற்றம் தேவை.

அடுத்து டயர். அகலம் அவசியமில்லை, வெடிப்பு இருக்கக் கூடாது, நூல் தெரியக் கூடாது. வீல் நட்டு எல்லாம் இறுக்கமா? ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை ஆட்டினால் லொடலொட என்று ஆடுகிறதா? ஆடினால் வீல் பேரிங், டை ராடு எண்டு, பால் ஜாயிண்ட் மூன்றையும் பார்க்க வேண்டும். பேட்டரி க்ளாம்ப் இறுகியிருக்கிறதா? ஆக்ஸிலேட்டரை விட்டால் பெடல் சட்டென்று மேலே வருகிறதா? பெட்ரோலோ ஆயிலோ சொட்டுகிறதா? போட்டி அன்று காலை 'ஸ்க்ரூட்டினி' என்று ஒருத்தர் வந்து இதையெல்லாம்தான் பார்ப்பார். அவர் ஸ்பாய்லரைப் பார்ப்பதே இல்லை.

"அப்ப ஸ்பாய்லர்?" என்றான் மச்சினன் கடைசி ஆசையாக.

"அந்தக் காசுல ஒரு நல்ல ஹெல்மெட் வாங்குங்க தம்பி."

இன்னொரு விஷயமும் உண்டு. உங்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியின் பொடி எழுத்துகளைப் பூதக்கண்ணாடி வைத்தாவது படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை இவற்றுக்கு வண்டியைப் பயன்படுத்தினால் சாதாரண பாலிசி கை கொடுக்காது. என்ன காப்பீடு உண்டு, என்ன லைசென்ஸ் வேண்டும் என்பதைப் பேர் கொடுக்கும்போதே அமைப்பாளரிடம் கேட்டுவிட வேண்டும். நாட்டில் மோட்டார் பந்தயங்களை முறைப்படுத்தும் சம்மேளனம் ஒன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இருக்கிறது. அதன் அங்கீகாரம் பெற்ற போட்டிதானா என்பதையும் கையோடு விசாரியுங்கள்.

மலை சொன்ன பாடம்

வண்டி தயார். ஓட்டுகிறவன்? பழக இடம் வேண்டுமே! நாகலூரில் தெரிந்தவர் ஒருவருக்குச் சின்னதாகக் காபித் தோட்டம். அறுவடை முடிந்து காபிக்கொட்டை காயவைக்கும் சிமெண்டுக் களம் காலியாகக் கிடந்தது. "வந்து ஓட்டிக்குங்க, ஆனா களத்தை உடைச்சிடாதீங்க" என்றார். ஸ்டெப்னியும் ஜாக்கியும் மரக்கட்டையும் மறுபடி டிக்கிக்குள் ஏறின. மைதானத்தில்தான் அவை பாரம். மலையில் அவை உயிர்.

ஞாயிறு விடியற்காலை அடிவாரத்திலிருந்து ஏறினோம். மச்சினனுக்கு ஒரே நிபந்தனை. இன்று கடிகாரம் பார்க்கக் கூடாது.

சேலம் கடல் மட்டத்துக்கு மேலே முந்நூறு மீட்டருக்கும் குறைவு. ஏற்காடு 1515 மீட்டர். மேலே காற்றின் அழுத்தம் கடற்கரையைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தால் எஞ்சினுக்கு மூச்சும் குறைவு, இழுவையும் குறைவு. கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் பெட்ரோல் அதிகமாகி இன்னும் திணறும். டயர் அளவும் ஏமாற்றும். வெளிக்காற்று மெலிந்ததால், கீழே அளந்ததைவிட மேலே கேஜ் ஏறத்தாழ இரண்டு பாயிண்ட் அதிகம் காட்டப் பார்க்கும். மலைக்குளிர் அதைத் திரும்பக் கீழே இழுக்கும். ஆகவே காற்று அளப்பதை எங்கே ஓட்டுகிறோமோ அங்கே, டயர் சூடாகும் முன் செய்ய வேண்டும்.

மூன்றாவது வளைவிலேயே மச்சினனுக்கு டயரின் சம்பளக் கணக்கைச் சொன்னேன். ஆபீஸில் இருப்பவர்களுக்கு எளிதாகப் புரியும். டயருக்கு மாதச் சம்பளம் மாதிரி ஒரு குறிப்பிட்ட பிடிப்புதான் உண்டு. அதில் பிரேக்குக்குக் கொஞ்சம், திருப்பத்துக்குக் கொஞ்சம், இழுவைக்குக் கொஞ்சம். முழுச் சம்பளத்தையும் பிரேக்குக்கே கொடுத்துவிட்டால் திருப்பத்துக்குக் கடன்தான் வாங்க வேண்டும். டயருக்குக் கடன் கொடுக்க ஆள் கிடையாது. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகவே போகும். அப்போது இன்னும் ஒடிப்பது வீண். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினால்தான் பிடிப்பு திரும்பும்.

ஆகவே நேராக இருக்கும்போதே பிரேக். கியரைக் குறை. அப்புறம் திரும்பு. வெளியே வரும் வழி கண்ணில் பட்ட பிறகு ஆக்ஸிலேட்டர். மைதானத்துக்கும் மலைக்கும் இந்த வரிசை ஒன்றேதான்.

வித்தியாசம் வேறு இடத்தில். மைதானத்தில் வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நீங்கள் நடந்தே பார்த்திருப்பீர்கள். மலையில்? அந்தப் பக்கம் பஸ் இருக்கலாம். தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் வரிசையாக நடக்கலாம். காட்டெருமை நின்று உங்களை ஆராயலாம். 36 கிலோமீட்டர் வேகத்தில் போனால், 'அய்யோ' என்று நினைக்கும் ஒரு செகண்டில் வண்டி பத்து மீட்டர் போயிருக்கும். 60-இல் கிட்டத்தட்ட பதினேழு மீட்டர். அதற்கப்புறம்தான் கால் பிரேக்குக்கே போகும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்க ஆகும் தூரம் நாலு மடங்கு. இந்தக் கணக்கில் தள்ளுபடி கிடையாது.

பதிமூன்றாவது வளைவுப் பக்கம் போனபோது மச்சினன் தானாகவே பேச்சை நிறுத்தினான். 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பஸ் ஒன்று இந்தப் பகுதியில் சுவரை உடைத்துக்கொண்டு கீழே விழுந்தது. குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள், பலருக்குக் காயம். டிக்கெட் வாங்கி உட்கார்ந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஜனங்கள். அந்த மாதிரி ஜனங்கள்தான் தினமும் இந்தப் பாதையில் நமக்கு எதிரே வருகிறார்கள். நம் ஏழு நிமிஷத்துக்காக அவர்கள் யாரிடமும் நாம் சம்மதம் கேட்கவில்லை.

சட்டமும் சும்மா இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவு, அனுமதியில்லாமல் பொது இடத்தில் பந்தயம் ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. குறுகலான மலைச் சாலையில் மேலே ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. இறங்குகிறவர் ஒதுங்கி வழி விட வேண்டும். ஹாரன் யாருடையது பெரிசு என்பதை வைத்து அல்ல!

களமே மைதானம்

ஏற்காட்டு ஏரிக்கரைக் கூட்டத்தைத் தாண்டி நாகலூர்ப் பக்கம் திரும்பினால், வேறு உலகம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் சேர்வராயன் மலையில் காபியைக் கொண்டுவந்தார் என்கிறது வரலாறு. இன்றும் இரண்டு பக்கமும் காபிச் செடிகள்தான். மேலே நிழலுக்கு சில்வர் ஓக் மரங்கள். மரங்களில் ஏறும் மிளகுக் கொடிகள். காலைப் பனியில் காபிப் பூவின் மல்லிகை வாசம். ஏரியிலேயே தொடங்கி ஏரியிலேயே முடியும் 32 கிலோமீட்டர் லூப் ரோடு வேறு இந்த மலையில் இருக்கிறது. இரண்டாம் வகைக்காரர்களுக்கு அந்த 'லூப்' என்ற வார்த்தையே பந்தயப் பாதையாகக் காதில் விழும். அது பந்தயப் பாதை இல்லை சார். அது பள்ளிக்கூடப் பையன் பஸ் பிடிக்கும் சாலை. மூட்டை மிளகு சந்தைக்குப் போகும் சாலை.

களம் அரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. கோன் ஏது? தோட்டக்காரர் வீட்டுக் குளியலறையிலிருந்து நாலு பிளாஸ்டிக் பக்கெட்! இரண்டு பச்சை, ஒரு நீலம், ஒரு சிவப்பு. ஓரத்துக் குட்டைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி, பத்துப் பத்துத் தப்படி இடைவெளியில் வரிசையாக வைத்தோம். களத்தில் வேறு ஆள், நாய், கோழி எதுவும் இல்லாதபடி பார்த்துக்கொள்ள ஒருத்தர் வெளியே காவல். அவர் கை தூக்கினால் வண்டி நிற்க வேண்டும். முதல் கியர் மட்டும். இதுதான் சட்டம்.

முதலில் உட்காரும் விதம். மச்சினன் சினிமா ஹீரோ மாதிரி சாய்ந்து, ஒற்றைக் கையில் ஸ்டியரிங் பிடிப்பவன். சீட்டை முன்னால் தள்ளி, முதுகு நிமிர்த்தச் சொன்னேன். தோள் சீட்டை விட்டு நகராமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் உட்கார வேண்டும். க்ளட்சை முழுசாக மிதித்தபோதும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். கைகள் கடிகாரத்தின் ஒன்பதிலும் மூன்றிலும். காலில் ஹவாய் செருப்பு கூடவே கூடாது. மெல்லிய அடி உள்ள ஷூ. பெல்ட் இறுக்கமாக.

பிறகு இறங்கி நடக்கச் சொன்னேன். "ஓட்டத்தானே வந்தோம் மாமா?" என்று முனகினான். ஆட்டோகிராஸில் போட்டிக்கு முன் எல்லோரும் பாதையை நடந்து பார்ப்பார்கள். ஒரு தடவை இல்லை, மூணு தடவை. முதல் தடவை வழி தெரிய. இரண்டாம் தடவை எங்கே பிரேக், எங்கே திருப்பம் என்று குறிக்க. மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டால் மனசுக்குள் பாதை முழுசாக ஓடுகிறதா என்று பார்க்க. பரீட்சைக்கு முன் மூன்று தடவை படிப்பதில்லையா... சரி, படித்தவர்களுக்குத் தெரியும்.

முதல் ஓட்டம். முதல் பக்கெட் தப்பியது. இரண்டாவது பக்கெட் களத்தின் மறுகோடிக்கு உருண்டது. மூன்றாவதற்கு முன்னால் வண்டி நின்றேவிட்டது. தோட்டக்காரரின் மனைவி திண்ணையிலிருந்து கேட்டார். "தம்பி, சிவப்பு பக்கெட்டை மட்டும் விட்டுருங்க. அது புதுசு!"

கோளாறு கையில் இல்லை, கண்ணில். அவன் பக்கெட்டையே பார்த்துக்கொண்டு போனான். கண் எங்கே போகிறதோ கையும் அங்கேதான் போகும். இடிக்கக் கூடாத பொருளை உற்றுப் பார்த்தால் அதையே போய் இடிப்போம். பக்கத்து பக்கெட்டை மறந்துவிட்டு, அடுத்ததற்கும் அதற்கடுத்ததற்கும் நடுவே உள்ள காலி இடத்தைப் பார்க்க வேண்டும். தலையே அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

ஆறாவது ஓட்டத்தில் பக்கெட் விழுவது நின்றது. பத்தாவதில் ஸ்டியரிங் ஆட்டம் அடங்கியது. பன்னிரண்டாவது முடித்து இறங்கியவன் முகத்தில் ஏமாற்றம். "மெதுவா ஓட்டின மாதிரி இருந்துச்சு மாமா."

கையிலிருந்த ஸ்டாப் வாட்சைக் காட்டினேன். அன்றைய ஓட்டங்களிலேயே அதுதான் குறைந்த நேரம்.

அவன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். டயர் கதறினால் வேகம், எஞ்சின் அலறினால் வேகம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தவன். கதறல் என்பது வீணாய்ப் போகும் பிடிப்பின் சத்தம். சம்பளம் சந்தையில் சிதறும் சத்தம். சத்தமில்லாமல் போவதுதான் வேகம்.

தோட்டக்காரர் வீட்டுக் காபி வந்தது. சொந்தத் தோட்டத்துக் கொட்டை, சொந்தமாக வறுத்தது. அந்தக் காபியைப் பற்றித் தனிக் கட்டுரைதான் எழுத வேண்டும். பக்கெட்டுகளை அலம்பித் திருப்பிக் கொடுத்தோம். சிவப்புக்குச் சேதம் இல்லை.

இறங்கும்போது மச்சினன்தான் ஓட்டினான். இரண்டாவது கியரிலேயே வைத்து, எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி இறக்கினான். நியூட்ரலில் உருட்டிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் பழைய பழக்கம் அன்றோடு போச்சு. ஏறி வந்த ஒரு மினி லாரிக்கு ஒதுங்கி நின்று வழி விட்டான். லாரிக்காரர் கையைத் தூக்கி நன்றி சொன்னார். அடிவாரத்தில் சக்கரத்தின் அருகே முகர்ந்து பார்த்தோம். பிரேக் தீய்ந்த வாசனை துளியும் இல்லை.

போட்டி அன்று

மூன்று வாரம் கழித்துக் கோவைப் பக்கம் ஒரு மண் மைதானம். முந்தின ராத்திரி நல்ல தூக்கம், காலையில் ரெண்டு இட்லிக்கு மேல் கிடையாது, கையில் தண்ணீர் பாட்டில் (வண்டிக்குள் இல்லை!). ஸ்க்ரூட்டினியில் வீல் நட்டு, பேட்டரி, பிரேக், ஹெல்மெட் எல்லாம் பாஸ். புதுசாக வருகிறவர்கள் நாலு விஷயத்தை மறக்கக் கூடாது. கொடி காட்டும் மார்ஷல்கள் எங்கே நிற்கிறார்கள் என்று முதலிலேயே பார்த்துவைக்க வேண்டும். சிவப்புக் கொடி என்றால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். வழி தவறினால் பதறி ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. முதல் ஓட்டத்தை, ஜெயிக்க அல்ல, முடிக்க ஓட்ட வேண்டும். மண்ணில் பிடிப்பு இன்னும் குறைவு. சம்பளம் பாதியான மாதம் மாதிரி. அதற்குத் தகுந்த செலவுதான் செய்ய முடியும்.

மச்சினன் முதல் ஓட்டத்தில் இரண்டு கோனைச் சாய்த்தான். இரண்டாவதில் ஒன்றும் விழவில்லை. கப் எதுவும் கிடைக்கவில்லை. புதுசாக வந்தவர்கள் பட்டியலில் நடுவில் எங்கேயோ பேர். பளபளவென்று ஸ்பாய்லர் வைத்த ஒரு கார் அவனுக்குக் கீழே இருந்தது. வீடு வரும் வரை அதைப் பற்றி ஒன்பது தடவை சொன்னான்!

ஆனால் நான் பார்த்தது வேறு. போட்டி முடிந்ததும் எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் குனிந்து வீல் நட்டுகளை ஒவ்வொன்றாகச் சரி பார்த்தான். டயர் காற்றைச் சாலைக்கு உரிய அளவுக்குக் கொண்டுவந்தான். ஸ்டெப்னியைத் தூக்கி டிக்கியில் வைத்தான்.

"எதுக்குடா மாப்ளே இவ்வளவு அவசரம்?"

"இனிமே ரோடு மாமா. இங்கே கொடி காட்ட ஆள் இருந்தாங்க. அங்கே யார் இருக்காங்க?"

கோவையிலிருந்து சேலம் வரை எங்களைத் தாண்டிப் போன வண்டிகளை நான் எண்ணவில்லை. அவனும் எண்ணவில்லை.